லேபிளில் தக்காளி வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பூச்சிமருந்து பாட்டில்களுக்கும் பாக்கெட்டுகளுக்கும் லேபிள் வரைகிற தம்பி தங்கைகளுக்கும், அந்த லேபிள்களுக்கு ஒப்புதல் தருகிற ஃபரிதாபாத் பதிவுக் குழுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு சின்ன உரக்கடை என்னுடையது. 22 வருடமாக உங்கள் படங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஐந்து தட்டு அலமாரி. தட்டு நிறையத் தக்காளி, கத்தரி, மிளகாய், நெற்கதிர், வெடித்து நிற்கும் பருத்தி. தக்காளி மேலே பனித்துளி வேறு. அப்படி ஒரு தக்காளியைப் பறித்துக்கொண்டு போனால் மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர் எழுந்து நின்று பார்ப்பார். உங்கள் கை தேர்ந்த கை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. அந்தத் தக்காளியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

என் கடைக்கு வருகிறவர்கள் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது அபூர்வம். "போன தடவை குடுத்தீங்களே, சிவப்பு மூடி, அது ஒண்ணு." "கத்தரிக்கா படம் போட்டது இருக்கா?" "அந்த நீல டப்பா, கழுத்து நீளமா இருக்குமே." இப்படித்தான் வியாபாரம் நடக்கும். நானும் அதே பாஷையில்தான் பதில் சொல்கிறேன். "பச்சை மூடியில டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க, மாமா." படம்தான் பெயர், மூடிதான் அளவு. படிக்கத் தெரிந்தவர்களும் படிப்பதில்லை. பாட்டில் கழுத்தில் நீங்கள் கட்டிவிடுகிற துண்டுத் தாளை விரித்துப் பாருங்கள். கைக்குட்டை அளவுக்கு விரியும், அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி மூன்று நான்கு மொழிகள். தமிழ் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிடும், ஆள் போய்விடுவார்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். வந்த பெட்டியில் ஒரு பாட்டில் லேசாகக் கசிந்திருந்தது. திருப்பி அனுப்ப எடுத்து வைத்தேன். மறந்துபோய் யாருக்காவது விற்றுவிடக் கூடாதே என்று அதன் மேல் அகலமான வெள்ளை டேப்பைச் சுற்றினேன். டேப் எழுத்துகளை மறைத்துவிட்டது. தக்காளிப் படம் வெளியே தெரிந்தது, கீழே மூலையில் இருந்த மஞ்சள் கட்டமும் தெரிந்தது. டீ கொண்டுவந்த பையன் டம்ளரை வைத்துவிட்டு அதைப் பார்த்தான். "அண்ணே, புது ஜூஸா?"

அவனை ஒரு சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாட்டிலை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து மூடி, மேசை மேல் வைத்தேன். அந்த வாரம் வந்தவர்களிடமெல்லாம் "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டேன். ஒரு பாட்டி தக்காளி விதை என்றார். தக்காளி ஏற்ற வந்த டிரைவர், செடிக்கு ஊற்றுகிற சத்து டானிக் என்றார். அப்பாவோடு வந்த ஆறாம் வகுப்புப் பாப்பா கொஞ்சமும் யோசிக்காமல் "சாஸ்" என்றது. உரக்கடையில், உரக்கடைக்காரன் மேசையில் இருக்கிற பாட்டிலைப் பார்த்துத்தான் இத்தனையும். ஒருவர்கூட விஷம் என்று சொல்லவில்லை. மஞ்சள் கட்டத்தை ஒருவர் மட்டும் கவனித்தார். "அது கம்பெனி முத்திரைங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கட்டம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூச்சிக்கொல்லிகள் விதிகள் 1971ன்படி ஒவ்வொரு லேபிளிலும் மூலையில் நிறுத்தி வைத்த ஒரு சதுரம் இருக்க வேண்டும், சீட்டுக்கட்டு டைமன் மாதிரி. அதைக் குறுக்கே இரண்டு முக்கோணமாக வெட்டி, கீழ்ப் பாதியில் நிறம், மேல் பாதியில் எச்சரிக்கைச் சொல். மிகக் கொடிய விஷத்துக்குச் சிவப்பு. அதற்கு அடுத்தது மஞ்சள். அப்புறம் நீலம். கடைசியாக, நான்கில் வீரியம் குறைந்ததற்குப் பச்சை. சிவப்புக்கு மட்டும் மண்டையோடும் குறுக்கு எலும்பும் உண்டு. மஞ்சளுக்கு விஷம் என்ற சொல் உண்டு, மண்டையோடு கிடையாது. நீலத்துக்கு அபாயம், பச்சைக்கு எச்சரிக்கை.

இதை வகுத்தவர்கள் நல்ல மனதோடுதான் வகுத்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் மஞ்சளுக்கு என்ன அர்த்தம்? கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுப்போம். தாலிக் கயிறு மஞ்சள், பொங்கல் பானையில் கட்டுகிற கொத்து மஞ்சள், புதுத்துணி ஓரத்தில் வைக்கிற பொட்டு மஞ்சள். நல்லது நடக்கிறது, பயப்படாதே என்று சொல்கிற நிறம். அந்த நிறத்தை எடுத்து இரண்டாம் நிலை விஷத்துக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் மண்டையோடும் வேண்டாம் என்று விட்டிருக்கிறீர்கள். பாராகுவாட் என்கிற களைக்கொல்லி இந்த மஞ்சளில்தான் வருகிறது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. படிக்கத் தெரியாத ஒரு கண்ணுக்கு அந்தக் கட்டம் மங்களமாகத் தெரியும்.

பச்சை இன்னும் சங்கடம். 20 வருடத்துக்கு மேலாக பிஸ்கட் பாக்கெட்டிலும் எண்ணெய் டின்னிலும் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி போட்டு, இது சைவம், தாராளமாகச் சாப்பிடலாம் என்று நாடு முழுக்கப் பழக்கியிருக்கிறோம். அதே நாட்டில், அதே பச்சையில், அதே மாதிரி ஒரு சின்னக் கட்டம் பூச்சிக்கொல்லியிலும் இருக்கிறது. மளிகைக் கடைப் பச்சைக்கு ஒரு அர்த்தம், என் கடைப் பச்சைக்கு வேறு அர்த்தம் என்று எந்தக் கண்ணுக்கு யார் போய்ச் சொல்வது?

உணவுப் பாக்கெட் விஷயத்தில் அதிகாரிகள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். முன்பு அசைவத்துக்கும் வட்டப் புள்ளிதான், நிறம் மட்டும் பழுப்பு. சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. அதைக் கேட்டுக்கொண்டு, 2020ல் வந்த புது விதிகளில் அசைவப் புள்ளியை முக்கோணமாக மாற்றினார்கள். பூச்சிமருந்தில் இன்னும் நான்கும் ஒரே வடிவம், சிவப்பின் மண்டையோட்டை விட்டால் படிக்காத கண்ணுக்கு நிறம் ஒன்றுதான் வித்தியாசம். விடியற்காலை ஐந்து மணிக்கு, மோட்டார் ரூமில் எரிகிற ஒற்றை பல்பு வெளிச்சத்தில் எந்தக் கண்ணுக்கும் நிறம் சரியாகத் தெரியாது. மருந்து கலக்குகிற நேரம் அதுதான்.

எச்சரிக்கைச் சொற்களுக்கும் இதே கதி. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மண்டையோடு போட்டு அபாயம் என்று எழுதியிருக்கும். தொட்டால் செத்தாய் என்று அர்த்தம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தத் தகரப் பலகை தெரியும். உங்கள் கணக்கிலோ அபாயம் என்பது மூன்றாம் நிலை. மண்டையோடும் அபாயமும் ஊரில் ஒரே பலகையில் ஒன்றாக நிற்கின்றன, லேபிளில் இரண்டையும் பிரித்து வெவ்வேறு வீட்டில் குடி வைத்திருக்கிறீர்கள்.

அளவுக்கு வருகிறேன். விதிப்படி அந்தக் கட்டம் லேபிள் முகப்பில் 16ல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 100 மில்லி பாட்டிலின் முகப்பு 6 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் உயரம். 48 சதுர சென்டிமீட்டரில் 16ல் ஒன்று 3. அதிலும் நிறம் கீழ்ப் பாதிக்கு மட்டும்தானே, ஆக ஒன்றரை. என் கட்டைவிரல் நகத்தை அதன் மேல் வைத்தால் மறைந்துபோகிறது. பாட்டிலைக் கையில் பிடிக்கும்போது கட்டைவிரல் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும் என்பது வேறு கதை.

எதிரே பெட்டிக்கடை. அங்கே தொங்குகிற சிகரெட் பெட்டிகளில் 2016 ஏப்ரலிலிருந்து இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைக்கு. அழுகிய வாய், புண் பிடித்த தொண்டை. என் பாட்டில் சிகரெட் பெட்டியாக இருந்தால் 48ல் கிட்டத்தட்ட 41 சதுர சென்டிமீட்டர் எச்சரிக்கைக்கே போயிருக்கும், உங்கள் தக்காளிக்கு உட்கார இடமிருக்காது. பல வருடம் இழுத்துக் கொல்கிற பொருளுக்கு 85 சதவீதம் வாங்கிவிட்டார்கள். ஒரே நாளில் ஆளைச் சாய்க்கிற பொருளுக்கு ஆறேகால் சதவீதம். அந்தப் பெட்டிக்கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "உன் கடைக்கு யாரும் கேஸ் போடலைப்பா, அதான்" என்றார். அவர் சொன்னது விளையாட்டுக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது தக்காளிக்கு வருகிறேன். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் படித்தபோதுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. லேபிளில் ‘பாதுகாப்பானது’, ‘விஷமற்றது’, ‘தீங்கு செய்யாது’ என்றெல்லாம் போடக் கூடாது. ‘சொன்னபடி பயன்படுத்தினால்’ என்று முன்னால் ஒட்டுப் போட்டுச் சொன்னாலும் கூடாது. நல்ல விதி, கறாரான விதி. எழுத்துக்குத்தான் இந்தக் கறார் எல்லாம். பனித்துளியோடு பளபளக்கிற தக்காளி என்ன சொல்கிறது? கூடை நிறையக் காயோடு சிரிக்கிற குடும்பம் என்ன சொல்கிறது? சொல்லக் கூடாது என்று சட்டம் தடுத்த அதே வார்த்தையைத்தான், எழுத்தே இல்லாமல், படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறது. பதிவுக் குழுப் பெரியவர்களே, ஒரு கம்பெனி ‘குழந்தைகளுக்குக்கூட ஆபத்தில்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் சிவப்பு மையால் அடித்துவிடுவீர்கள். அதையே படமாக வரைந்து அனுப்பினால்?

இதற்குத் தம்பி தங்கைகள் சொல்லப்போகிற பதிலும் எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. எந்தப் பயிருக்கு எந்த மருந்து என்று படம் போட்டால்தானே தெரியும்? உண்மை. கத்தரிக்கு வாங்கியதை மாற்றி வெள்ளரியில் அடித்து, கொடியே கருகிப்போய் என் கடை வாசலில் வந்து நின்றவர்கள் உண்டு. பயிர்ப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சமையலறைக்குப் போகிற காயை வரையாதீர்கள். காட்டில் நிற்கிற செடியை வரையுங்கள். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு இருக்கிறதே, அதை வரையுங்கள். ஓட்டை விழுந்த காய், ஓட்டைக்குள் புழு, வெளியே தள்ளிய கழிவு. விவசாயி அந்தப் படத்தைப் பார்த்த உடனே கண்டுகொள்வார், பளபளக்கிற கத்தரியை விட வேகமாகவே கண்டுகொள்வார், ஏனென்றால் அவர் தேடி வந்ததே அந்தப் புழுவுக்கான வழியைத்தான். டீக்கடைப் பையனும் அதை ஜூஸ் என்று நினைக்க மாட்டான்.

உங்கள் மேல் மட்டும் பழி போட்டால் அது சரியில்லை. மொழியும் சேர்ந்து சதி செய்கிறது. இதற்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ‘மருந்து’. மருந்தடிக்கப் போனார், மருந்து வாங்க வந்தார், மருந்துக்கடை பாக்கி. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, காய்ப்புழுவுக்கு அடிப்பதும் மருந்து. ‘மருந்து குடித்துவிட்டான்’ என்று ஊரில் சொன்னால் எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை, அந்த அளவுக்குத் தெரிந்திருந்தும் பெயரை மாற்றவில்லை. மண்ணில் தூவுகிற மணி மணியான விஷத்துக்கு ‘குருணை’. நொய் அரிசிக்கும் அதே பெயர்தான், கோழிக்கும் போடுவோம், கஞ்சியும் வைப்போம். வாய் இப்படிப் பழகிவிட்ட இடத்தில், கண்ணுக்காவது யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வேலை உங்களுடையது.

படம் என்றால் லேபிளோடு முடிந்துபோகிற விஷயமா? பாட்டிலும் ஒரு படம்தான். நல்ல கெட்டியான பிளாஸ்டிக், இறுக்கிப் பூட்டுகிற மூடி, கைக்கு அடக்கமான பிடி. ‘என்னைக் கழுவி வைத்துக்கொள், எதற்காவது ஆகும்’ என்று அது கூப்பிடுகிற மாதிரிதான் செய்திருக்கிறீர்கள். காலி டப்பாவை நசுக்கி ஓட்டை போட்டுவிடுங்கள் என்று நான் சொல்வேன். அவ்வளவு நல்ல டப்பாவை நசுக்க யாருக்கு மனது வரும்? 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெய் வைத்திருந்ததாகச் செய்திகளில் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுப் பின்கட்டில் போய்ப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வைத்திருந்தது எந்தக் கம்பெனி டப்பா என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடை ஆரம்பித்த புதிதில், முழு பாட்டில் வாங்கக் காசில்லாதவர்களுக்கு 50 மில்லி, 30 மில்லி என்று பிரித்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். கையில் கிடைத்த பாட்டிலில், பெரும்பாலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில். சட்டப்படி தப்பு, அன்றைக்கே எனக்குத் தெரியும். நகத்தளவு இருந்த அந்த மஞ்சள் கட்டத்தையும் பிடுங்கிவிட்டு, குடிக்கிற தண்ணீரின் உருவத்தைக் கொடுத்தேன் என்பதுதான் அன்றைக்குப் புரியவில்லை. ஒருத்தர் வாங்கிப்போனதை அவர் அம்மா ஃபினாயில் என்று நினைத்துத் திண்ணையில் ஊற்றிக் கழுவிவிட்டார். பேரப்பிள்ளை தவழ்கிற திண்ணை. நாற்றத்தில் கண்டுபிடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்று நாள் பெட்டில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அதற்குப் பிறகு நான் பிரித்து விற்றதில்லை.

இந்தச் சட்டமே ஒரு கலப்படத்தில் பிறந்ததுதான். 1958ல் கப்பலில் கோதுமை மாவும் பாரத்தியான் என்கிற பூச்சிக்கொல்லியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. விஷம் கசிந்து மாவில் இறங்கியது. அதைச் சாப்பிட்டுக் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலுமாக 100 பேருக்கு மேல் இறந்தார்கள். நீதிபதி ஷா தலைமையில் விசாரணை நடந்தது. பத்து வருடம் கழித்து 1968ல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் வந்தது. சாப்பாடும் விஷமும் ஒன்று போல இருக்கக் கூடாது என்பதுதான் அதன் பிறப்பு ரகசியம் என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்படிப் பிறந்த சட்டத்தின் ஒப்புதலோடு வருகிற பாட்டிலில் சாப்பாட்டுப் படம்.

இங்கிலாந்தில் 1851லேயே, சில்லறையில் விற்கிற ஆர்சனிக் என்கிற வெள்ளைப் பாஷாணத்தில் கரியோ நீலச்சாயமோ கலந்துதான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், சர்க்கரை என்றோ மாவு என்றோ நினைத்துவிடக் கூடாது என்று. அதே நூற்றாண்டில் விஷ பாட்டில்களை அடர் நீலத்திலும் பச்சையிலும், உடம்பெல்லாம் வரி வரியாக மேடு வைத்து, ஆறு பட்டை போட்டுச் செய்தார்கள். ராத்திரி விளக்கில்லாமல் அலமாரியில் கையை விட்டாலும், தொட்ட உடனே விரல் சொல்லிவிடும். இப்போதும் ஐரோப்பாவில் ஆபத்தான பொருட்களின் பாட்டிலில் ஒரு சின்ன முக்கோணம் மேடாக இருக்கும், கண் தெரியாதவர்கள் தடவிப் பார்க்க. நம் பாட்டிலைத் தடவிப் பார்த்தால் ஷாம்பு பாட்டில் மாதிரி வழவழவென்று இருக்கிறது.

சரி, மஞ்சளுக்கும் மண்டையோடு போட்டுவிட்டால் முடிந்ததா? முதலில் அதைச் செய்யுங்கள், அதுவே பெரிய காரியம். ஆனால் மண்டையோடும் எல்லாக் கண்ணுக்கும் ஒன்றுபோல் பேசுவதில்லை. மயிலாப்பூரில் குடியிருக்கிற சாமியின் பெயரே மண்டையோட்டை ஏந்தியவன் என்பதுதான். இப்போதைய பையன்களுக்கு அது பனியன் டிசைன், பைக் ஸ்டிக்கர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் 1971ல் இதே சிக்கலில் மாட்டினார்கள். அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயரே கடற்கொள்ளையர்கள். அங்கே குழந்தைகளுக்கு மண்டையோடு என்றால் கொண்டாட்டம், பார்த்தால் ஓடி வரும். அதனால் குழந்தைகளிடமே பல முகங்களையும் நிறங்களையும் காட்டிக் கேட்டு, கண்ணைக் கூசுகிற பச்சையில், நாக்கை வெளியே தள்ளிக் குமட்டுகிற ஒரு முகத்தை ஸ்டிக்கராகப் போட்டார்கள். மிஸ்டர் யக் என்று பெயர்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி, நம் ஊரில் கட்டட வேலை நடக்கிற இடத்திலெல்லாம் தொங்குகிறதே திருஷ்டி பொம்மை, அதேதான். பூசணிக்காயில் சுண்ணாம்பும் கரியும் குழைத்து வரைகிற முகமும் அதே குடும்பம்தான். கிட்டே வராதே என்று ஒரு படத்தை வைத்துச் சொல்கிற வித்தை இந்த மண்ணில் கொத்தனாருக்கும் தெரியும், சோளக்காட்டில் சட்டிக்கு முகம் எழுதிக் குச்சியில் மாட்டுகிற பெரியவருக்கும் தெரியும். அவர்கள் யாரும் பயத்தை நகத்தளவில் வரைவதில்லை.

சில கம்பெனிகள் லேபிளின் அடியில் வரிசையாகக் குட்டிப் படங்கள் போடுகின்றன. கையுறை, பூட்ஸ், முகமூடி, பூட்டிய அலமாரி. 1980களில் உலக உணவு வேளாண் நிறுவனமும் கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கியது என்று படித்தேன். நோக்கம் நல்லதுதான். அதில் குழாய்க்கு அடியில் இரண்டு கைகள் இருக்கிற ஒரு படம். வேலை முடிந்ததும் கையைக் கழுவு என்று அர்த்தம். என் கடைக்கு வருகிற ஒரு தாத்தா வெறுங்கையால் மருந்து கலக்குவார், எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார். ஒருநாள் கோபமாகக் கேட்டேன், "லேபிள்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா தாத்தா?" அவர் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தார். "பாத்துட்டுத்தானப்பா செய்யறேன். தண்ணியத் தெறந்துவுட்டு கைய வுட்டுக் கலக்கச் சொல்லி அவனே போட்டிருக்கான்."

அவர் சொன்ன பிறகு அந்தப் படத்தை என்னால் வேறு விதமாகப் பார்க்கவே முடியவில்லை. நீங்களும் ஒருதரம் பாருங்கள்.

கதிர்வீச்சுக்கு ஒரு சின்னம் உண்டு, மஞ்சளில் மூன்று இதழ் விசிறி மாதிரி. விஷயம் தெரிந்தவர்களுக்கு நடுக்கம், தெரியாதவர்களுக்குக் காற்றாடி. இதைப் புரிந்துகொண்டு சர்வதேச அணுசக்தி முகமை புதிதாக ஒன்று வரைந்தது. விசிறியிலிருந்து கதிர் கிளம்பி வருகிறது, கீழே மண்டையோடு, பக்கத்தில் ஓடுகிற ஆள். வரைந்த உடனே அச்சடித்துவிடவில்லை. இந்தியாவும் சேர்ந்து 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டி, இது என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். அதற்கப்புறம்தான் 2007ல் வெளியிட்டார்கள்.

உங்கள் மருந்தின் வீரியத்தை எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறீர்கள், முயலின் தோலில் தடவிப் பார்க்கிறீர்கள், மீனுக்கு, தேனீக்கு, மண்புழுவுக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறீர்கள். கட்டுக்கட்டாகக் காகிதம் ஃபரிதாபாத் போகிறது. லேபிளை மனுசனிடம் காட்டிப் பார்த்ததற்கு ஒரு தாள் கேளுங்கள், பெரியவர்களே. எழுத்தை மறைத்துவிட்டு, அதைத் தூக்கப்போகிறவர்களிடம், தூக்காவிட்டாலும் அது இருக்கிற வீட்டில் நடமாடப்போகிறவர்களிடம் காட்டி, இது என்ன என்று கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை அப்படியே எழுதி வாங்குங்கள். சாஸ் என்று ஒரு பாப்பா சொன்னால் அந்த லேபிளைத் திருப்பி அனுப்புங்கள். தம்பி தங்கைகளுக்கும் அதுதான் நல்லது. கம்பெனியில் மேலே இருப்பவர் ‘இன்னும் கொஞ்சம் பிரெஷ்ஷா வேணும், பனித்துளி சேர்’ என்று சொல்லும்போது, முடியாது என்று சொல்ல உங்கள் கையிலும் ஒரு காகிதம் இருக்கும்.

ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் சந்தை செவ்வாய்க்கிழமை. கடையைக் காலை எட்டு மணிக்குத் திறப்பேன், பதினொரு மணிக்கு நல்ல கூட்டம் இருக்கும். களை எடுக்கப் போகிறவர்கள், டெம்போ டிரைவர்கள், பள்ளிக்கூடம் லீவு என்றால் பிள்ளைகள், எல்லாரும் வருவார்கள். அடுத்த பருவத்துக்கு வரைந்து வைத்திருக்கிற லேபிளை எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார ஸ்டூல் இருக்கிறது, டீ அந்தப் பையனே கொண்டுவருவான். வெள்ளை டேப் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் உரக்கடைக்காரன்